மாமா பேரைச் சுற்றிப் புள்ளி

பிப்ரவரி 11, 2025

காதலர் தினம் வருகிறதல்லவா, யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் என் டாட்டூ கடையை மொய்க்கிறார்கள். காலையிலிருந்து பெயர், பெயர், பெயர்தான். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, எல்லாம் மணிக்கட்டு. ஒருத்தி போன வருஷம் என்னிடமே போட்ட பெயருக்கு மேல் இன்னொரு பெயர் கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்டு அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்தால் அடுப்பே பற்றவைக்கவில்லை. அம்மா டிவியை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுருளி மாமா தன் மகள் ரோகிணிக்குக் கோயம்புத்தூரில் மாப்பிள்ளை பார்த்துப் பூவும் வைத்துவிட்டாராம். பேரையூரிலிருந்து யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். கூடப்பிறந்த தங்கச்சிக்கு ஒரு வார்த்தை இல்லை. ரோகிணி பிறந்த அன்றைக்கே அவள் என் தம்பி பாண்டியராஜனுக்கு என்று பேசிவைத்தது. அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, மருமகளே என்றுதான்.

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

பிப்ரவரி 13

மாமா போன் அடித்துக்கொண்டே இருக்கிறார். அம்மா எடுக்கவில்லை. என்னையும் எடுக்கவிடவில்லை. தம்பிக்கு ஓசூருக்குப் போன் போட்டால், "விடுக்கா, அவங்க இஷ்டம்" என்கிறான். எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட அவனுக்கு வரவில்லை. நல்ல பிள்ளை.

பிப்ரவரி 16

இதுவரை நான் செய்த வேலையிலேயே இன்றைக்குச் செய்ததுதான் அழகு. எழுதிவைத்துக்கொள்கிறேன்.

மத்தியானம் அம்மா கடைக்கே வந்தாள். வந்து கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டி, "இந்தப் பேர அழிச்சு விடு" என்றாள்.

அந்தக் கையில் இருப்பது மாமா பெயர். அம்மா பிறந்த வீட்டு வழக்கம் அது. பெண்ணைக் கட்டிக்கொடுப்பதற்கு முன்னால், கூடப்பிறந்தவன் அவளைக் கூட்டிப்போய்த் தன் பெயரை அவள் இடது முன்கையில் பச்சை குத்தவைத்து அனுப்புவான். போகிற இடத்தில் அவளுக்கு ஆள் இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு அது நிஜமாகவே ஆனது. எங்கள் இரண்டு பேரையும் படிக்கவைத்தது மாமாதான். என் கையிலும் பாண்டியராஜன் பெயர் இருக்கிறது. என் கல்யாணத்துக்கு முன்னால் நானே எனக்குப் போட்டுக்கொண்டது. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்தக் கைகளைப் பார்த்துத்தான். அம்மா வழிப் பெண்கள் யார் கையில் என்ன பச்சை இருந்தாலும் போட்டோ எடுத்து வரைந்து வைத்துக்கொள்வேன். ஊரில் எவரிடமும் இல்லாத டிசைன்கள் என்னிடம் இருக்கின்றன என்ற கர்வமும் உண்டு.

அழிக்க முடியாது, மேலே மூடினால் கரிக்கட்டை மாதிரி இருக்கும் என்று சொன்னேன். நீட்டிய கையை நீட்டியபடியே இருந்தாள். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. பேரையூர் முத்துத்தாய் பெரியம்மா கையில் ஒரு புள்ளி வளையம் உண்டு, அவர் அண்ணன் காளை பெயரைச் சுற்றி. முத்துக் கோர்த்த மாதிரி இருக்கும். அதைப் போட்டால் பார்க்கிறவர் கண் வளையத்துக்குப் போய்விடும், பெயர் உள்ளே அடங்கிவிடும் என்று சொன்னேன். ஸ்டென்சிலைக் கையில் வைத்துக் காட்டினேன்.

அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். "இதையா போடப்போற?" என்று கேட்டாள். நல்லாருக்கும்மா என்றேன். "போடு" என்றாள்.

சர்க்கரை இருப்பவர்களுக்குப் போடமாட்டேன் என்று நானே கடையில் போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை. சின்ன வேலைதானே, ஆறிவிடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வெளுத்துப்போன பழைய பச்சையும் அதைச் சுற்றிப் புதுக் கறுப்பும் சேர்ந்து எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. பார்த்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை. போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டேன்: "எங்கள் முன்னோர் கைகளிலிருந்து."

பிப்ரவரி 18

லைக் குவிகிறது. சென்னையிலிருந்தெல்லாம் விலை கேட்கிறார்கள்.

பிப்ரவரி 27

நேற்று சிவராத்திரி. குலசாமி கோயிலுக்கு அம்மா வரவில்லை. மாமா இருப்பார் என்று. நினைவு தெரிந்து அம்மா கோயிலுக்குப் போகாத முதல் மாசி இதுதான். கை நன்றாக ஆறிவிட்டது.

மார்ச் 23

வளையம் கேட்டு வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு டீச்சர் தன் மகன் பெயருக்குப் போட்டுக்கொண்டார். பாரம்பரிய டிசைன் என்று விளக்கமெல்லாம் கொடுத்தேன். அவர் கேட்டார், இதற்கு அர்த்தம் எதுவும் உண்டா என்று. காவல் மாதிரிங்க, என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஏப்ரல் 20

மாமாவும் அத்தையும் பத்திரிகை வைக்க வந்தார்கள். அம்மா உள்ளே படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. தலைவலி என்று நான் சமாளித்தேன். மாமா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காப்பியைக் குடித்தார்.  கிளம்பும்போது, ரோகிணிக்கு அழகுபாண்டி பெயரைப் பச்சை குத்த வேண்டும், நீ வந்து போட்டுவிடு என்றார். அழகுபாண்டி அவர் மகன். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா குரல்: "அவளுக்கு வேலை கெடக்கு."

மாமா தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நானும் வாசல்வரை போகவில்லை. போயிருக்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு

எங்கிருந்து எழுத.

ரோகிணி கல்யாணம். ஊர் பேசும் என்பதற்காக அம்மாவும் வந்தாள். மண்டபத்தில் நுழைந்ததும் நான் பார்த்தது ரோகிணி கையைத்தான். யாரோ போட்டிருக்கிறார்கள், எழுத்து கோணல். அதைப் பார்த்து எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம். இப்போது நினைத்தால் என்னையே அறையவேண்டும் போல் இருக்கிறது.

சீர்த்தட்டை அம்மா மாமாவிடம் நீட்டினாள். இரண்டு கையாலும் நீட்டும்போது சேலை விலகியது. மாமா தட்டை வாங்கப்போனவர் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் தட்டை வாங்காமல் திரும்பி மணவறைப் பக்கம் போய்விட்டார். அத்தைதான் ஓடிவந்து வாங்கினாள். அவளும் பார்த்துவிட்டாள். முகம் செத்துவிட்டது.

கைகழுவுகிற இடத்தில் முத்துத்தாய் பெரியம்மா என்னைப் பிடித்தார். "ஏன்டி, உசுரோட இருக்கிறவனுக்கா புள்ளி கட்டுன?"

புரியவில்லை என்றேன். அவர் தன் கையைக் காட்டினார். காளை மாமா செத்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர் பெயரைச் சுற்றிப் புள்ளி வைத்தார்களாம். அந்த வீட்டில் அதுதான் முறை. அண்ணன் தம்பி இறந்தால் பெயரைப் புள்ளியால் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் இனிமேல் அவன் வரமாட்டான் என்று அர்த்தம். நல்ல நாளில் அதைப் பற்றிப் பேசக்கூட மாட்டார்களாம். "என் கைய போட்டோ எடுத்தியே, அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

கேட்கவில்லை. அழகாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். இம்புட்டுதான் நான்.

மகள் கல்யாணத்தன்று, அத்தனை சனத்துக்கு நடுவில், தங்கச்சி கையில் தன் சாவைப் பார்த்திருக்கிறார் அந்த மனுசன். நான் போட்டது. என் மெஷின், என் இங்க், என் கை.

ஜூன் 9

அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று ராத்திரியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் கேட்டேன். உனக்குத் தெரியுமாம்மா, அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம்னு.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும். அன்னைக்கு எனக்கு அவன் செத்தவன்தான்."

 ஸ்டென்சிலை அவள் அவ்வளவு நேரம் பார்த்தாளே, அழகாக இருக்கிறது என்று பார்க்கிறாள் என நினைத்தேனே. ஆத்திரத்தில் இருந்த பொம்பளை கையில் நானே கத்தியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பிடி வேறு அழகாக இருக்கிறதென்று போட்டோ எடுத்திருக்கிறேன்.

ஜூன் 10

அந்தப் போட்டோவை இன்ஸ்டாவிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்து என்ன?

ஜூன் 15

தம்பி வந்திருந்தான். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றவன் இப்போது வருகிறான். அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

ரோகிணி வேண்டாம் என்று சொன்னது அவன்தானாம்.

போன தீபாவளிக்கே பேரையூர் போய் மாமாவிடம் சொல்லியிருக்கிறான். சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம், தங்கச்சி மாதிரி இருக்கிறாள், என்னால் முடியாது மாமா என்று. அம்மாவுக்குத் தெரிந்தால் உயிரை விட்டுவிடும், நீங்களே வேறு இடம் பார்த்துவிடுங்கள் என்று காலைப் பிடித்திருக்கிறான். மாமா, "சரி மாப்ள, பழிய நான் வாங்கிக்கிறேன். உங்காத்தா என்கூட எம்புட்டு நாளைக்குக் கோவிச்சுக்கிருவா?" என்றாராம்.

அவ்வளவு நம்பிக்கை அவருக்குத் தங்கச்சி மேல்.

நான் தம்பியை அடித்துவிட்டேன். முப்பது வயதுப் பயலை, கன்னத்தில். வாங்கிக்கொண்டு நின்றான். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா என்றான்.

ஜூன் 16

சொன்னால் அம்மா தாங்கமாட்டாள். சொல்லாவிட்டால் மாமா?

நானே ஏன் யோசிக்கவில்லை — இருபது வருஷமாகப் பெண் தருகிறேன் என்ற மனுசன் திடீரென்று மாறினால் ஒரு காரணம் இருக்காதா? ஒரு போன் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு அப்போது காரணம் வேண்டியிருக்கவில்லை. டிசைன் போட அம்மா கை வேண்டியிருந்தது.

ஜூன் 29

இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளுகிறேன். அம்மா இப்போதெல்லாம் முழுக்கை ரவிக்கை போடுகிறாள். அவளுக்கும் உறுத்துகிறது என்று தெரிகிறது. ஆனால் ஜெயித்த மாதிரியே நடந்துகொள்கிறாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் குழம்பு பரிமாறிக்கொள்கிறோம்.

புது காலேஜ் பெண் ஒருத்தி வளையம் கேட்டு வந்தாள், தம்பி பெயருக்கு. அந்த டிசைன் போடுவதில்லை என்றேன். ஏன்க்கா, இன்ஸ்டால பார்த்தேனே என்றாள். ஊசி சரியில்லை என்று அனுப்பிவிட்டேன்.

அந்த டீச்சர் நினைப்பு வருகிறது. மகன் பெயர். அவர் வீட்டில் அதற்கு அந்த அர்த்தம் கிடையாது, ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாதுதான்.

ஜூலை 6

தம்பியை வரவழைத்தேன். நீ சொல்கிறாயா நான் சொல்லட்டுமா என்றேன். அவனே சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அம்மா கத்துவாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். கத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் கோவிப்பேன்னு தெரிஞ்சுதான் அண்ணன் ஒத்துக்கிட்டாரா?"

ஆமா என்றான்.

எழுந்து குளிக்கப் போனாள். சாயங்காலம்தான் ஏற்கெனவே ஒரு தடவை குளித்திருந்தாள்.

ஜூலை 9

பாவி நான். பாவி.

குளியலறையில் தினமும் அம்மா என்ன செய்கிறாள் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். ரவிக்கைக் கையில் ரத்தம். உருவிப் பார்த்தால் முன்கை தோல் வழண்டு கிடக்கிறது. கல் உப்பையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்து, பாத்திரம் தேய்க்கிற கம்பியால் தேய்த்திருக்கிறாள், அந்தப் புள்ளி போகட்டும் என்று. வளையத்தின் கீழ்ப்பாதி முழுக்கப் புண். பேரில் படாமல் தேய்த்திருக்கிறாள். அண்ணன் பேரில் ஒரு கீறல் இல்லை.

ஏம்மா, ஏம்மா இப்படிப் பண்ணுன என்றால், "நீ போட்டத நீ எடுக்கமாட்டேல்ல" என்றாள். திட்டவில்லை. சும்மா சொல்வது போலச் சொன்னாள். அவள் மறுபடி வாய் திறக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஜூலை 12

டாக்டர் என்னைத்தான் திட்டினார். சர்க்கரை இவ்வளவு இருக்கும்போது இந்தக் கையில் யார் ஊசி போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். லேசர் வைக்கலாமா என்று கேட்டேன். புண் ஆறட்டும், கை மிஞ்சினால் பார்க்கலாம் என்றார்.

கடையைத் திறக்கவில்லை. தினமும் நானே கட்டு மாற்றுகிறேன். மருந்து வைக்கும்போது அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

ஜூலை 20

பேரையூர் போய்வந்தேன். அம்மாவிடம் டி.கல்லுப்பட்டியில் ஒரு கஸ்டமர் என்று சொன்னேன். மாமா பருத்திக்காட்டில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டேங்கை இறக்கிவைத்துவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்தார். வா மருமகளே என்றுகூடச் சொல்லவில்லை.

தம்பி சொன்னதைச் சொன்னேன், புண்ணைச் சொன்னேன். போட்டது நான்தான், எனக்கு அர்த்தம் தெரியாது, அம்மா மேல் தப்பு இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மாவுக்கும் தெரியாது மாமா என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பிள்ளைகள் பொய் சொன்னால் பெரியவர்கள் தெரிந்தே விட்டுவிடுவார்களே, அந்தப் பார்வை.

"எங்க சித்தப்பா செத்தப்ப எங்க அத்தைக்குப் புள்ளி கட்டுனாங்க. அத்தை வலியில துடிச்சிருச்சு. அந்தக் கைய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது உங்காத்தாதான். பக்கத்துல நான் நிக்கிறேன். உனக்குத் தெரியாது, அது எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும்ல ஆத்தா."

 பொய் சொல்லிக் காப்பாற்றப் போய், அவரை அதை வாய்விட்டுச் சொல்லவைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போ, அத்தை இருக்கிறாள் என்றார். டேங்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டேன்.

ஜூலை 28

புண் காய்ந்துவருகிறது. கை தப்பியது. புதுத் தோல் ரோஸ் நிறத்தில் வருகிறது.

பேரையூரிலிருந்து போன் இல்லை. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள், யாரென்று கேட்பதில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. பத்து மணிக்கு மாமா வந்தார், தனியாக. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்கே போனார். அம்மா இடது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். என்னைப் பெற்றவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

தண்ணி கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு அம்மாவிடம் கையைக் காட்டச் சொன்னார். அவள் அசையவில்லை. அவரே முந்தானையை விலக்கிக் கையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பேர் அப்படியே இருந்தது. மேல்பாதியில் என் புள்ளிகள் கறுகறுவென்று இருந்தன. கீழ்ப்பாதியில் ஒன்றுகூட இல்லை, தழும்புதான்.

"அண்ணே, நான் உன்ன உசுரோட…" என்று அம்மா ஆரம்பித்தாள்.  ஆறு மாதமாக அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள்.

மாமா அவள் கையை விடவில்லை. "விடு தாயி. எப்படியும் ஒரு நாளைக்குப் போட வேண்டியதுதானே. பாதி வேலை முடிஞ்சு கெடக்கு."

அம்மா அழுதுகொண்டே அவர் தோளில் ஓங்கி அடித்தாள். அவர் சிரித்தார். அடியும் வாங்கிக்கொண்டு சிரிப்பும் சிரித்துக்கொண்டு, கண்ணைத் துண்டால் துடைத்தார். பாண்டியராஜனைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரோகிணி கோயம்புத்தூரில் எப்படி இருக்கிறாள் என்று அம்மா கேட்டாள். சோறு போட்டாள். அவர் எப்போதும் போல் ரசத்துக்கு உப்புக் குறை சொன்னார்.

புண்ணுக்கு மேல் லேசர் எல்லாம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். நான் தட்டை எடுக்கப் போனபோது என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அம்மா கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

"மிச்சப் பாதிய நீதான் போடணும் மருமகளே. வேற யார்கிட்டயும் விட்றாத. அன்னைக்கு உன் கை நடுங்கக்கூடாது."

சரி மாமா என்றேன். இதை எழுதும்போதே நடுங்குகிறது.